அடைப்புக்குறிக்குள் ஒரு மன்னிப்பு



சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில், பங்கொன்றில் மூன்று நாள் தியானத்தை நிறைவுசெய்து புறப்படும் வேளையில், வயது முதிர்ந்த தாயொருவர் கையில் விவிலியத்துடன் ஆலய முன்றலில் என்னை மறித்தார். லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தை விரித்து 34ஆம் வசனத்தின்மேல் விரலை வைத்தார். சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவர், தம்மைக் கொல்வோருக்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கும் இடம் அது.

"சுவாமி, இந்த வார்த்தைக்கு மட்டும் ஏன் அடைப்புப் போட்டிருக்குது? பழைய பிரதியள் சிலதிலை இது இல்லையெண்டு கீழை எழுதிக்கிடக்குது. அப்ப ஆண்டவர் இதைச் சொல்லேல்லையோ?"

வெறும் அறிவுத் தேடலினால் எழுந்த வினா அன்று அது. அத்தாயின் மகன் 2009ஆம் ஆண்டில் காணாமற்போனவர். "ஆரை மன்னிக்கிறதெண்டே எனக்குத் தெரியாது. ஆரெண்டாலும் மன்னிக்கத்தானே வேணும். அதுக்கு நான் இந்த வசனத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றார். பிடித்துக்கொண்டிருந்த கயிற்றின் நடுவே யாரோ கத்தி வைத்ததைப் போன்ற ஒரு கலக்கம் அவர் முகத்தில் இருந்தது.

அந்த அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதற்குப் பொறுப்பாக நின்றவர்களுள் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார் என்பதை நம்மவருள் பலர் அறியார். பிற்காலத்தில் அவர் உலகறிந்த கர்தினாலாக விளங்கினார். ஆயினும் அவருடைய வாழ்நாளின் முற்பகுதி, பழைய கையெழுத்துச் சுவடிகளின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கழிந்தது. அவரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

குருமடத்தில் கிரேக்கம் கற்ற காலத்தில், நூலகத்திலிருந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் பழைய பதிப்பொன்று என் கைக்கு வந்தது. உலக விவிலியச் சங்கங்களின் ஒன்றியம் 1975இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு அது. முகப்பில் ஐந்து பதிப்பாசிரியர்களின் பெயர்கள் இருந்தன. ஜேர்மனியைச் சேர்ந்த லூத்தரன் அறிஞர் கூர்ட் ஆலாண்ட், ஸ்கொட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மத்தேயு பிளாக், அமெரிக்கப் பிரெஸ்பிற்றேரியன் அறிஞர் புரூஸ் மெற்ஸ்கர், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அலன் விக்கிறன் ஆகிய நால்வரின் நடுவே கார்லோ மரியா மார்த்தினி என்னும் இத்தாலியப் பெயரும் இருந்தது. மிலான் நகரின் பேராயராக நாம் கேள்விப்பட்டிருந்த அதே மார்த்தினிதானா இவர் என்று அன்று வியந்தேன். அவரேதான்.

1927 பெப்ரவரி 15ஆம் திகதி, வட இத்தாலியின் டூரின் நகரில், பொறியியலாளர் ஒருவரின் மகனாக மார்த்தினி பிறந்தார். 1944இல், பதினேழு வயதில், போர் இன்னும் ஓயாத வேளையில் இயேசு சபையில் சேர்ந்தார். அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1943 செப்டெம்பரில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலிய ஆய்வு பற்றிய தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். மூல மொழிகளுக்குத் திரும்புங்கள், பழைய சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தை இயன்றவரை செம்மையாக மீட்டெடுங்கள், இது இறைவார்த்தைக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதை என்பதே அம்மடல் அறிஞர்களுக்கு விடுத்த அழைப்பின் சாரம். அதுவரை அஞ்சி அஞ்சி நடந்த கத்தோலிக்க விவிலிய அறிஞர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. அக்கதவினூடே நுழைந்த தலைமுறையைச் சேர்ந்தவர் மார்த்தினி. 1952இல் குருவானார். 1958இல் உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில், உயிர்ப்பு நிகழ்வின் வரலாற்றுச் சிக்கலை ஆராய்ந்து இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் உரோமையிலுள்ள பாப்பிறை விவிலிய நிறுவனத்தில் மூலபாட ஆய்வைக் கற்பித்தார்.

மூலபாட ஆய்வு என்றால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நற்செய்தியாளர்கள் தம் கைப்பட எழுதிய ஏடு எதுவும் இன்று இல்லை. நம்மிடம் உள்ளவை படிகளும் படிகளின் படிகளுமே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சுவடிகள் மாத்திரம் 5,000க்கும் அதிகம். கையால் எழுதப்பட்டவை என்பதால் எந்த இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடித்தேடி ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த வரலாற்றை அறிந்த நமக்குப் 'பாடபேதம்' என்னும் சொல் புதிதன்று. விவிலியத்துக்கும் பாடபேதங்கள் உண்டு.

பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளும் சொல்லிடம் மாறியவைகளுமே. சில பேதங்களோ படியெழுதியவரின் உள்ளத்தையே நமக்குக் காட்டிவிடும். லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்த செபம், மத்தேயுவில் உள்ளதைவிடக் குறுகியது. பிற்காலச் சுவடிகள் பலவற்றிலோ அது நீண்டிருக்கும். காரணம் எளிது. நாள்தோறும் மத்தேயுவின் வடிவத்தைச் செபித்துப் பழகிய ஒருவர், லூக்காவைப் படியெழுதும்போது கண் ஏட்டில் இருக்க, கை மனப்பாடத்தை எழுதிவிடுகிறது. இதை மோசடி என்று சொல்ல என்னால் முடியாது. செபிக்கிறவனுக்கு ஏற்படும் பிழை அது.

இனி மார்த்தினியின் ஆய்வுக்கு வருவோம். வத்திக்கான் நூலகத்தில், குறைந்தது 1475ஆம் ஆண்டு முதல், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தோற்சுவடி இருந்துவருகிறது. வத்திக்கான் சுவடி என்றே அதற்குப் பெயர். எஞ்சியிருப்பவை 759 இதழ்கள். பக்கத்துக்கு மூன்று பத்திகளாக எழுதப்பட்ட இச்சுவடி, புதிய ஏற்பாட்டின் மிகத் தலைசிறந்த சான்றுகளுள் ஒன்று. ஆயினும் அறிஞரிடையே ஓர் ஐயம் நீண்டகாலம் நிலவியது. இச்சுவடியின் வாசகம் இவ்வளவு செம்மையாக இருப்பதற்குக் காரணம், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கல்வியாளர் எவரோ உட்கார்ந்து அதைத் திருத்திச் செப்பனிட்டதுதானோ? அப்படியானால் அது பழைய வாசகம் அன்று. பிற்காலத்து அறிஞரின் கைவேலை. அதன்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம்?

இவ்வேளையில் எகிப்திலிருந்து ஒரு புதையல் வெளிவந்தது. நீர்க்கோரைத் தண்டை வகிர்ந்து ஒட்டிச் செய்யும் பப்பைரஸ் தாளில் எழுதப்பட்ட லூக்கா, யோவான் நற்செய்திகள். இதைச் சுவிற்சர்லாந்தின் மார்ட்டின் பொட்மர் என்னும் நூற்சேகரிப்பாளர் வாங்கினார். 1961இல் விக்டர் மார்ட்டின், ரொடொல்ப் கசேர் ஆகிய இருவர் அதைப் பதிப்பித்தனர். ஏறத்தாழ கி.பி. 175க்கும் 225க்கும் இடையில் எழுதப்பட்டது என்று கையெழுத்தைக் கொண்டு அவர்கள் மதிப்பிட்டனர். அறிஞர்கள் இதற்கு 75ஆம் எண் இட்டனர். ஆரம்பத்தில் 144 பக்கங்கள் இருந்த அந்நூலில் ஏறத்தாழ 102 பக்கங்கள் எஞ்சியுள்ளன. அதன் ஒரு பக்கத்தில் லூக்கா முடிய, அதே பக்கத்திலேயே யோவான் தொடங்குகிறது. நற்செய்திகளை அடுத்தடுத்து ஒரே நூலாகப் படித்த ஒரு பழைய சமூகத்தின் கைத்தடம் அது. இலாசர் உவமையில் பெயரின்றி வரும் செல்வந்தனுக்குக்கூட இந்த ஏட்டில் ஒரு பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஏழைக்குப் பெயர் உண்டு, செல்வந்தனுக்கு இல்லை என்பதுதான் அவ்வுவமையின் அழகு. படியெழுதிய யாரோ ஒருவருக்கு அது பொறுக்கவில்லை போலும்!

மார்த்தினி செய்தது இதுதான். லூக்கா நற்செய்தியில் இந்தப் பப்பைரஸையும் வத்திக்கான் சுவடியையும் பக்கம் பக்கமாக, சொல் சொல்லாக ஒப்பிட்டார். எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன, வேறுபடும் இடத்தில் எது மற்றதைத் திருத்தியதாகத் தோன்றுகிறது என்று ஒவ்வோர் இடமாக எடைபோட்டார். கண்ணையும் பொறுமையையும் தின்னும் வேலை. கண்ட முடிவு தெளிவானது. இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தன. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்படவில்லை. இரண்டும் இன்னும் பழைய ஒரு பொது மூலத்தின் பிள்ளைகள். ஆகவே வத்திக்கான் சுவடியின் வாசகம் நான்காம் நூற்றாண்டில் எவரும் செப்பனிட்டு உருவாக்கியதன்று. அது இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழங்கிய வாசகம். இவ்வாய்வுக்காக 1965இல் விவிலிய நிறுவனத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அது நூலாக வெளிவந்தது.

ஆய்வுலகில் எந்த முடிவும் இறுதி முடிவன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் பிரென்ட் நொங்பிரி என்னும் அறிஞர், இந்தப் பப்பைரஸும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்று வாதிட்டார். அவ்வாறாயின் மார்த்தினியின் முடிவின் ஒரு தூண் தளர்கிறது. விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தப் பப்பைரஸ் இப்போது வத்திக்கான் நூலகத்திலேயே, தன் உடன்பிறப்பான பெருஞ்சுவடியோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் கொடையால் 2006இல் அது அங்கு வந்து சேர்ந்தது.

மார்த்தினி பட்டம் பெற்ற அதே 1965இன் நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மூல மொழிகளிலிருந்து மொழிபெயர்ப்புகள் செய்யப்படவேண்டும் என்றும், வாய்ப்பிருந்தால் பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்தே அதைச் செய்யலாம் என்றும் சங்கம் கூறியது. அவ்வழியிலேயே மார்த்தினி உலக விவிலியச் சங்கங்களின் பதிப்புக் குழுவில் இணைந்தார். 1968இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலிருந்து அவர் பெயர் இடம்பெறுகிறது. குழுவில் ஒரே கத்தோலிக்கர் அவரே. பல நூற்றாண்டுகளாக வசனங்களைக் கல்லாக எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்த மரபுகளின் பிள்ளைகள், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்தச் சொல் மூலத்தில் இருந்திருக்கும் என்று வாக்கெடுத்தார்கள். உடன்படாதவர் தம் காரணத்தைத் தம் பெயரின் முதலெழுத்துக்களோடு தனிக் குறிப்பாகப் பதிவுசெய்தார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் கூட்டங்கள் நினைவுக்கு வரும். அது வேறு கதை.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வரலாம். சிலுவையில் ஆண்டவர் மன்னிப்புக் கேட்கும் வார்த்தை 75ஆம் பப்பைரஸில் இல்லை. வத்திக்கான் சுவடியிலும் அதை முதலில் எழுதியவரின் கையில் இல்லை. அதாவது, மார்த்தினி தம் இளமையையே செலவிட்டு எந்த இரு ஏடுகளின் நம்பகத்தை நிலைநாட்டினாரோ, அதே இரு ஏடுகளும் கிறிஸ்தவ இதயத்துக்கு மிக நெருக்கமான ஒரு வசனத்துக்குச் சான்றுபகர மறுக்கின்றன. ஒலிவ மலையில் ஆண்டவரின் வியர்வை இரத்தத் துளிகள் போல் விழுந்த காட்சியும் இவ்விரண்டில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் இல்லை.

ஒரு குரு இவ்விடத்தில் என்ன செய்வார்? இரு வழிகள் எளிதானவை. பிடித்தமான வசனத்தைக் காக்கச் சான்றுகளை மறைத்துவிடலாம். அல்லது சான்று இல்லை என்று வசனத்தை வெட்டி எறிந்துவிடலாம். குழு இரண்டையும் செய்யவில்லை. ஆண்டவரின் அந்த வார்த்தை லூக்கா எழுதிய ஏட்டில் ஆரம்பத்தில் இருந்திராமல் இருக்கலாம் என்றும், ஆயினும் அது ஆண்டவரின் வாயிலிருந்தே வந்தது என்பதற்கான அடையாளங்களைத் தன்னிலேயே தாங்கி நிற்கிறது என்றும் குழுவினர் கருதினர். ஆகவே இரட்டை அடைப்புக்குறியிட்டு, மரபாக அது நின்ற இடத்திலேயே நிறுத்தினர். அடைப்புக்குறியின் பொருள் 'இது பொய்' என்பதன்று. 'இது மிகப் பழையது, விலைமதிப்பற்றது, ஆனால் இவ்விடத்துக்கு வந்த வழி எமக்குத் தெளிவில்லை' என்பதே. சீனாய் மலைச் சுவடியில் இவ்வார்த்தை உண்டு. இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகர ஆயர் புனித இரனேயுஸ் இதை அறிந்திருந்தார். அவர் வாழ்ந்த காலம் 75ஆம் பப்பைரஸுக்குக் குறிக்கப்பட்ட காலத்துக்கும் பிந்தியதன்று.

கத்தோலிக்கராகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. திரெந்துச் சங்கம் 1546இல் திருநூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றுக்கொண்டது. ஒரு பகுதியை யார் எழுதினார், எந்தக் கை அதை அவ்விடத்தில் சேர்த்தது என்பது ஒரு கேள்வி. அது இறைவார்த்தையா என்பது வேறு கேள்வி. லூக்காவின் பாடுகள் வாசிக்கப்படும் மூன்றாம் ஆண்டின் குருத்து ஞாயிறில், இந்த மன்னிப்பு வேண்டுதல் நம் ஆலயங்களில் தடையின்றி ஒலிக்கிறது.

ஏன் சில சுவடிகளில் அது இல்லாமற்போயிற்று என்பதற்கு அறிஞர் சிலர் தரும் விளக்கம் ஒன்று என் மனதை விட்டு அகல்வதில்லை. ஆதியில் அது இருந்தது, படியெழுதியவர்களே அதை விட்டுவிட்டார்கள் என்பது அவர்களின் கருத்து. ஆண்டவரைக் கொன்றவர்களுக்கு மன்னிப்பா என்று சினந்தவர்கள் இருந்திருக்கலாம். கி.பி. 70இல் எருசலேம் அழிந்ததைக் கண்டு, அவர்கள் மன்னிக்கப்படவில்லையே, அப்படியானால் இந்தச் செபம் எப்படி ஆண்டவருடையதாகும் என்று குழம்பியவர்களும் இருந்திருக்கலாம். மார்த்தினியின் குழு இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. எனினும் அது இன்றும் பலரால் வாதிடப்படுகிறது.

1969 முதல் 1978 வரை மார்த்தினி விவிலிய நிறுவனத்தின் அதிபராகவும், பின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தின் அதிபராகவும் பணியாற்றினார். 1979இன் இறுதியில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவரை மிலான் பேராயராக நியமித்தார். பங்கொன்றையும் நடத்திப் பழகாத ஒரு பேராசிரியர், ஐரோப்பாவின் மிகப் பெரிய மறைமாவட்டங்களுள் ஒன்றுக்கு! 1980 பெப்ரவரி 10ஆம் திகதி, கையில் நற்செய்தி நூலை ஏந்தியபடி, நகரத் தெருக்களில் கால்நடையாக நடந்து அவர் பேராலயத்தை அடைந்தார். அவ்வாண்டிலேயே பேராலயத்தில் இளைஞருக்காக 'இறைவார்த்தைப் பள்ளி' ஒன்றைத் தொடங்கினார். ஒரு பகுதியை வாசிப்பது, அது என்ன சொல்கிறது என்று சொல்சொல்லாகக் கவனிப்பது, பின் மௌனமாக அதன்முன் இருப்பது. ஆயிரக்கணக்கானோர் வந்தனர். சுவடிகளின்முன் தனியறையில் கற்ற பொறுமையைத்தான் அவர் அந்த இளைஞருக்குக் கற்பித்தார் என்பது என் எண்ணம்.

அது இத்தாலியில் ஆயுதக் குழுக்களின் காலம். துப்பாக்கிச் சூடுகளும் கொலைகளும் மலிந்த அந்நகரில், பேராயர் சிறைக்குச் சென்று, கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர்களோடும் அமர்ந்து பேசினார். 1984 ஜூனில் ஒருநாள், இளைஞர் ஒருவர் பேராயர் இல்லத்துக்கு வந்து பைகளை வைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தபோது உள்ளே துப்பாக்கிகள். ஆயுதக் குழுவொன்று தன் ஆயுதங்களைக் கைவிட அந்த வீட்டு வாசலைத் தேர்ந்தெடுத்திருந்தது. அரசிடமன்றி, ஒரு விவிலியப் பேராசிரியரிடம்.

கர்தினாலாக 1983இல் உயர்த்தப்பட்ட அவருடைய கருத்துக்கள் எல்லாவற்றோடும் திருச்சபையில் எல்லோரும் உடன்பட்டதில்லை. நானும் சிலவற்றில் தயங்குவதுண்டு. 2002இல் ஓய்வுபெற்றதும் எருசலேமுக்குச் சென்று, அங்கே பரிந்துரைச் செபத்தில் வாழ்ந்தார். பார்க்கின்சன் நோய் முற்றியதால் 2008இல் இத்தாலி திரும்பினார். பேராலயத்தை நிறைத்த குரல் படிப்படியாகத் தேய்ந்து, இறுதியில் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. 2012 ஓகஸ்ட் 31ஆம் திகதி இறைபதம் அடைந்தார். மிலான் பேராலயத்தில் அவரது கல்லறையின்மேல், இறைவார்த்தையைக் காலடிக்கு விளக்காகப் போற்றும் 119ஆம் திருப்பாடலின் வசனம் பொறிக்கப்பட்டுள்ளது.

அன்று ஆலய முன்றலில், இவற்றுள் ஒரு பகுதியை அந்தத் தாய்க்குச் சொன்னேன். பப்பைரஸ், சுவடி என்றெல்லாம் அதிகம் பேசவில்லை. அடைப்பு ஏன் என்றும், வெட்டாமல் ஏன் வைத்தார்கள் என்றும் சொன்னேன். பழைய காலத்தில் படியெழுதிய சிலர், மன்னிக்க மனம் வராமல் அதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்று சிலர் கருதுவதையும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. விவிலியத்தை மூடிச் சேலைத் தலைப்பால் அதன் அட்டையைத் துடைத்தார்.

"விட்டிட்டு எழுதின அந்த மனுசனை எனக்கு விளங்குது, சுவாமி" என்றார். "நானும் எத்தினையோ நாள் அந்த வரியை வாசிக்காமல் விட்டிட்டுப் போயிருக்கிறன். பிறகு திரும்பிவந்து வாசிப்பன்."

பஸ் வரும் நேரமாகிவிட்டது. மகனின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அடுத்த திருப்பலியில் ஒப்புக்கொடுக்கும்படி என் கையில் தந்துவிட்டு நடந்தார்.